எட்டில் இரண்டைக் காணோம்

ஜூன் 3, செவ்வாய்

பரணில் கிடந்த லேப்டாப்பை இன்று இறக்கினேன். நான் ஸ்டூலில் ஏற, இவர் கீழே நின்று பிடித்துக்கொண்டார். இடது காலில் கட்டு இருப்பதால் அவர் ஏறக் கூடாது.

"அத எதுக்கு இப்ப எடுக்குற?" என்றார்.

"பாடம் எடுக்கத்தான். வேற எதுக்கு?"

பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளைகளுக்காக, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்புகிறோம். வடிவியல் என் பங்கு. போனில் எடுத்தால் கை ஆடுகிறது. வீட்டில் ஒரு பொருள் சும்மா கிடக்கும்போது அதைப் பயன்படுத்தினால் என்ன?

தூசி தட்டிச் சார்ஜரைச் செருகினேன். வெகுநேரம் கழித்துத்தான் உயிர் வந்தது. கடவுச்சொல் கேட்டது. முதல் முயற்சியிலேயே திறந்துவிட்டது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கட்டுப் போட்ட காலோடு படி ஏறாதீர்கள் என்று கீழிருந்து கத்த வேண்டியிருந்தது.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல். அவருக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் போனோம். கட்டைப் பிரித்து, சுண்டுவிரலுக்கு அடுத்த விரலைக் குனிந்து பார்த்தார். நகத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. நான் பார்க்கவில்லை என்றால் பொய். பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"சுகர் இறங்குனா புண்ணு ஆறும். இறங்கலைன்னா விரல எடுக்கணும். விரலோட நிக்குமான்னு கேட்டீங்கன்னா, இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார்.

"எடுத்துட்டுப் போகட்டும். பத்து இருக்குல்ல" என்றார் இவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "டீச்சர், சாருக்கு இனிமே நீங்கதான் ஹாஸ்டல் வார்டன். சாப்பாட்ட நீங்க அளந்து குடுங்க."

இதைவிட எளிய வேலை எனக்கு யாரும் தந்ததில்லை. அளப்பதுதானே என் தொழில்.

ஜூன் 8, ஞாயிறு

கேழ்வரகுக் கஞ்சி, கொண்டைக்கடலை, கீரை. அவர் காபியில் சர்க்கரை கிடையாது. எனக்கு மட்டும் அரை ஸ்பூன்.

முதல் பாடத்தைப் பதிவு செய்தேன். வட்டத்தின் தொடுகோடு. பத்து நிமிடத்துக்குள் படம் திக்கித் திக்கி, கடைசியில் உறைந்து நின்றது. வாய் திறந்தபடி நான். நினைவகம் போதவில்லை என்று ஒரு அறிவிப்பு.

கணினியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொருத்தப்பட்டிருக்கும் ரேம் எட்டு ஜி.பி. என்று இருக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் எட்டு என்றே சொல்கிறது. ஆனால் அருகிலேயே இன்னொரு எண்: பயன்படுத்தக்கூடியது ஐந்து புள்ளி ஒன்பது சொச்சம்.

மிச்சம் இரண்டு எங்கே? விடைத்தாளில் இப்படி வந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பியிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

எஸ்தரைப் போனில் பிடித்தேன். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். மகளின் பேறுகாலத்துக்காகத் திருமங்கலத்தில் இருக்கிறாள்.

"எட்டுல ரெண்டக் காணோம்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துறாதீக டீச்சர். அங்கருந்து என்னையும் தேடி ஆள் வரும்" என்றாள்.

பிறகு வரிசையாகச் சொன்னாள். உள்ளே ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். இவ்வளவுதான் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது வரம்பு போட்டிருக்கலாம். அல்லது திரையில் படம் காட்டும் பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"வந்து பாத்தாத்தான். பாப்பாவுக்குத் தொட்டில் போட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் திருப்புளிய எடுத்துக்கிட்டு அதுகிட்டப் போகாதீக. உங்களத் தெரியும் எனக்கு."

பரவாயில்லை. பாடத்தைச் சிறு சிறு துண்டாக எடுக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

விரலில் குத்திச் சுகர் பார்க்கும் மெஷின் வாங்கினோம். காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் பார்த்தேன். இருநூற்று எழுபது. மெஷின் பழுது என்று நினைத்து என் விரலைக் குத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டுகிறது.

நேற்று ராத்திரி அவர் சாப்பிட்டது இரண்டு கோதுமைத் தோசை. அதற்கு மேல் அவர் எதையும் தின்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி

சர்க்கரை டப்பாவில் பாதிக்கு மேல் காணோம். என் அரை ஸ்பூனுக்கு இவ்வளவு குறையாது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்கும் பாலும் காலையில் குறைந்திருக்கிறது. விருந்தாளிக்கென்று வாங்கிய ரஸ்க் பாக்கெட்டும் பிரிந்திருக்கிறது. விருந்தாளி யாரும் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஏங்க, விடியக்காலம் எந்திரிச்சு சர்க்கரை போட்டுக் காபி குடிக்கிறீங்களா?"

"ஆமா."

"ரஸ்க்கும் தின்னீங்களா?"

"ஆமா. தின்னேன்."

"விரல எடுக்கணும்னு டாக்டரு சொல்றாக. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"தப்புத்தான். விடு."

தேர்வு அறையில் முப்பது வருஷம் நடந்திருக்கிறேன். பார்த்து எழுதிய பையனைப் பிடித்தால் அவன் கூரையைப் பார்ப்பான், இல்லை கால் கட்டைவிரலைப் பார்ப்பான். பக்கத்துப் பையனுடைய தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவன் மட்டும் நம் முகத்தை நேராகப் பார்ப்பான்.

இவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

சர்க்கரை டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஜூன் 17, செவ்வாய்

வெறும் வயிற்றில் இருநூற்று எண்பத்தைந்து. டப்பாவில் இன்னும் குறைந்திருக்கிறது. சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

ஜூன் 18, புதன்

கேட்டை ராத்திரி நானே தாழிட்டேன். காலையில் தாழ்ப்பாள் திறந்திருந்தது. போர்ட்டிகோ விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

பாத்திரக் கூடையில் பெரிய எவர்சில்வர் டம்ளர் ஈரமாகக் கவிழ்ந்திருந்தது. அதை நாங்கள் எடுப்பதில்லை. எங்கள் இருவருக்கும் அது பெரிசு.

துணி ஊறவைத்தேன். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மலர் ஓசூரிலிருந்து பேசினாள். முதலில் அப்பாவுடன் வெகுநேரம். அவர் வாசலுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னிடம் தந்தார்.

"அம்மா, ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"அண்ணன் லேப்டாப்பையா எடுத்தீங்க?"

லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

எஸ்தர் வந்தாள். கையில் பேத்தியின் போட்டோ, கைப்பையில் சின்னத் திருப்புளி.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிரித்தாள். ரேமைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்தினாள். போட்டுப் பார்த்தால் அதே ஐந்து புள்ளி ஒன்பது. "சரி, இது உக்காந்துதான் இருக்கு" என்றாள். வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பிறகு அணைத்துவிட்டு, மறுபடி போடும்போது ஒரு பட்டனை விடாமல் தட்டினாள். நான் பார்த்தேயிராத ஒரு பழைய காலத்துத் திரை வந்தது. நீலமும் சாம்பலும்.

"இந்தா இருக்கு உங்க ரெண்டு" என்றாள்.

அவள் விளக்கிய விதம் அழகு. நான் இத்தனை வருஷம் பக்கத்து வகுப்பில் இருந்தும் அவள் பாடம் நடத்திக் கேட்டதில்லை.

"மெஷின ஆன் பண்ணுனதும் விண்டோஸ் எந்திரிக்கிறதா நாம நெனைக்கிறோம். அதுக்கு முன்னாடியே இது எந்திரிச்சிரும் டீச்சர். எந்திரிச்சு, படம் காட்டுறதுக்குன்னு ரெண்ட எடுத்து ஒதுக்கி வெச்சிட்டுத்தான் அத எழுப்பும். தனியாப் படம் காட்டுற கார்டு இல்லாத மெஷினு இது, அதான் பொது ரேம்லருந்து எடுக்குது. எழும்புனவனுக்கு மிச்சம்தான் கணக்கு. ஒதுக்குனது எங்க போச்சுன்னு அவனக் கேட்டா, பாவம், அவனுக்கென்ன தெரியும்?"

நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு எட்டு அறை கட்டியிருக்கிறார்கள். நாம் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இரண்டு அறையைப் பூட்டி வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். நம்மிடம் தரும் சாவிக்கொத்தில் ஆறு சாவிதான். நாமும் ஆறு அறைப் பள்ளி என்றே நினைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறோம். வெளியே நின்று எண்ணினால்தான் ஜன்னல் கூடுதலாக இருப்பது தெரியும்.

"இவ்வளவு தானா எடுக்காதே" என்றாள் எஸ்தர். "சும்மா விட்டா இதுல கால்வாசிதான் எடுக்கும். யாரோ கைல கூட்டி வெச்சிருக்காக. கேம் வெளையாடுற புள்ளைக இப்படித்தான்…"

நிறுத்திவிட்டாள். விண்டோஸ் எழுந்திருந்தது. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பெயர் இருந்தது.

"கொறைச்சிறவா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றேன். "காபி போட்டுக்கிட்டு வாரேன்."

தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எஸ்தர் தட்டைப் பார்த்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"நாலாவது யாருக்கு?"

பெரிய டம்ளரும் தட்டில் இருந்தது. நுரை பொங்கி, விளிம்பு வரைக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் கை நீட்டி எடுத்துக்கொண்டார். "எனக்குத்தாம்மா. ஒண்ணு பத்தாது" என்று இரண்டையும் குடித்து முடித்தார். எஸ்தர் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள், விட மறந்த மாதிரி நின்றாள்.

கை தவறி எடுத்திருப்பேன். பேச்சு சுவாரசியம்.

ஜூலை 1, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏறியிருக்கிறது. டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார், நான் கணக்கு டீச்சர் என்பதால் எனக்குப் புரியும் என்று.

"வீட்டுல யாரோ சாருக்கு இனிப்புக் குடுக்குறாங்க" என்றார்.

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப அந்த ரெண்டு பேருல ஒருத்தர்."

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பாராம். இறங்காவிட்டால் விரலை எடுத்துவிடுவார். பக்கத்து விரலிலும் நிறம் மாறியிருக்கிறது. ஆட்டோவில் வரும்போது இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நாளாகவே பகலில் தூங்குகிறார். ஆர்.எம்.எஸ்ஸில், ராத்திரி ரயிலில் தபால் பிரித்தவர். ராத்திரியெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டதே.

இப்போது ராத்திரியில் எதற்கு விழித்திருக்கிறார்?

ஜூலை 3, வியாழன்

நான் செய்யப்போவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் விரல் அவருடையது.

லேப்டாப்பை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். கேமரா அடுப்படியைப் பார்க்கிறது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கண் மட்டும் தெரியும்படி ஒரு துண்டைப் போட்டு மூடினேன். படம் மங்கலாக வந்தால் போதும் என்று தரத்தையும் குறைத்துவிட்டேன். ஐந்து புள்ளி ஒன்பதில் எதுவரை தாங்குமோ.

பால் குறைவது எப்படி, பூட்டிய சர்க்கரை குறைவது எப்படி என்று நாளைக்குத் தெரிந்துவிடும். அவர் மாட்டிக்கொண்டால் திட்டக் கூடாது என்று இப்போதே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அவர் குளிக்கும்போது ஓட்டிப் பார்த்தேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. அடுப்பு, சிங்க், சுவர்க்கடிகாரம். பிறகு போர்ட்டிகோ விளக்கு எரிந்து அடுப்படித் தரையில் ஒரு வெளிச்சப் பட்டை விழுகிறது. கேட் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்கிறது. ஒரு பெண் உள்ளே வருகிறாள். விளக்கைப் போடவில்லை. இருட்டில் எது எங்கே என்று தெரிந்தவள் மாதிரி பால் எடுத்துக் காய்ச்சுகிறாள். கூடத்துக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவோடு திரும்பி வருகிறாள். பெரிய டம்ளரில் நாலு ஸ்பூன் போடுகிறாள். ஆற்றுகிறாள், நன்றாக உயர்த்தி, நுரை வரும்படி. தட்டில் ரஸ்க் அடுக்குகிறாள்.

பிறகு அடுப்படி வாசலுக்கு வருகிறாள். அது குறுகலான வாசல். அங்கே நின்று, முந்தானையை இழுத்து ஒடுக்கிக்கொண்டு, ஒருக்களித்துச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். பஸ்ஸில் பையோடு வருகிறவருக்கு நாம் வழி விடுவோமே, அப்படி. தலை மெல்லத் திரும்புகிறது. கடந்து போகிறவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி. போகிறவர் உயரமானவர் போலிருக்கிறது.

"பஸ்ல தூங்குனியா?" என்று கேட்கிறாள்.

கொஞ்சம் பொறுத்து, பதில் கேட்டுக்கொண்டவள் போலத் தலையாட்டுகிறாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

அப்புறம் இவர் நொண்டிக்கொண்டு வருகிறார். கேட்டைத் தாழிட்டுவிட்டு வந்தாரா, மறந்தாரா தெரியவில்லை. மேடையருகே நின்று, பெரிய டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடிக்கிறார். ரஸ்க்கை நனைக்காமல் அவசரம் அவசரமாக மெல்லுகிறார். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறார். தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி குழாயைச் சிறிதாகத் திறக்கிறார்.

அந்தப் பெண்ணின் புடவை என்னுடையது.

ஜூலை 5, சனி

பாடம் எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து ஓட்டினேன். தன்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"இதப் பரண்லருந்து எறக்குன அன்னைக்கு ராத்திரியிலருந்து."

"அதுக்கு முன்னாடி இல்லையே?"

"மொத வருசம் இருந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. நான் நெனச்சேன், முடிஞ்சதுன்னு."

"என்னைய எழுப்பியிருக்கலாம்ல?"

அவர் கட்டின் நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"மொத வருசம் ஒரு நாள் நான் அசந்து தூங்கிட்டேன் சௌந்தரம். காபி அப்படியே இருந்துச்சு. நீ வெள்ளென எந்திரிச்சு வந்து, ஆறிப்போன டம்ளரப் பாத்த. அப்ப நீ போட்ட சத்தம் இருக்கே. பக்கத்து வீட்டுக்காரக சுவரேறிக் குதிச்சு வந்தாக. அப்புறம் ஒரு வாரம் ஒரு வார்த்த பேசல, ஒரு பருக்கை திங்கல. அது உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை. எனக்கு அந்த வாரமே இல்லை.

"அதுலருந்து நான் விடுறதில்ல. காலி டம்ளரா இருந்தா நீ பேசாமப் போய்ப் படுத்துக்கிருவ. காலையில எந்திரிச்சா நல்லா இருப்ப. பாடம் எடுப்ப. என்னையத் திட்டுவ." சிரிக்கப் பார்த்தார். "ஒரு வெரல்தான. போனாப் போகுது."

இதற்கு என்ன மார்க் போடுவது?

"நாளைக்கு என்னைய எழுப்புங்க" என்றேன். "படுக்கையில இல்ல. அடுப்படியில, நான் அங்க நிக்கும்போதே."

"மாட்டேன்."

"ஒரு புள்ள தேற்றத்துல மூணாவது வரியில தப்புப் பண்ணுது. கடைசி வரியில வந்து தப்புன்னு சொன்னா அதுக்கு எதுவும் புரியாது. அந்த மூணாவது வரியிலயே பென்சில் நிக்கும்போது கையப் பிடிக்கணும்."

"நீ தேற்றம் இல்ல சௌந்தரம்."

"உங்க விரலும் பென்சில் இல்ல" என்றேன்.

ராத்திரி சாப்பிடும் வரை அவர் சம்மதிக்கவில்லை. படுக்கும்போது சொன்னார்: "நீ சத்தம் போட்டாலும் நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

ஜூலை 7, திங்கள்

முதலில் கேட்டது என் பெயர். இரண்டு தடவை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

நான் அடுப்படி வாசலில், சுவரோடு முதுகு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். முந்தானை என் இரண்டு கைக்குள்ளும் சுருண்டிருந்தது. விரல் நுனியில் பாலின் சூடு. கூடத்து இருட்டில் இவர் நின்றிருந்தார். என்னைத் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். கண் விழித்த அந்தக் கணத்தில், என் வலது தோளில் ஒரு பையின் வார் உரசிக்கொண்டு போனது. ராத்திரி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த சட்டையின் வாசனை. டீசலும் தூக்கமும் கலந்தது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் பெரிய டம்ளரும் ரஸ்க்கும் இருந்தன.

"அவன் வரலல்ல?" என்றேன்.

"வரல" என்றார்.

"பஸ்சு லேட்டா?"

"இல்ல சௌந்தரம். வரல."

மகன் நவநீதன் சென்னையிலிருந்து சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் வருவான். வெள்ளி ராத்திரி பஸ் ஏறுவான். எங்களை எழுப்பக் கூடாதென்று கேட்டைத் தாழிடாமல் வைக்கச் சொல்வான், ஆனால் நான் எழுந்து காபியோடு நிற்காவிட்டால் கோபித்துக்கொள்வான். அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஒரு பாலத்தோடு நின்றுவிட்டது. ஆறு வருஷமாகிறது. இதை எழுதுவதற்கு இன்றுவரை எனக்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

நான் சத்தம் போடவில்லை. போடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். இவர் கட்டுக் காலை நீட்டிக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து எங்களுக்கு முன்னால் தரையில் வைத்தேன். அவர் கை தன்னால் அதை நோக்கிப் போனது. நான் பிடித்துக்கொண்டேன்.

"ஆறிரும்" என்றார்.

"ஆறட்டும்."

ஆவி குறைந்தது. நுரை ஒவ்வொன்றாக அமுங்கியது. மேலே ஏடு படிந்தது, முதலில் கண்ணாடி மாதிரி, பிறகு சுருங்கி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இவர் என் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வெளுத்துவிட்டது. பால்காரர் மணியடித்தார். யாரும் எழுந்து போகவில்லை.

பிறகு நானே எடுத்து சிங்கில் கொட்டினேன்.

வெறும் வயிற்றில் நூற்றுத் தொண்ணூறு. பல நாள் கழித்து இன்றுதான் அவர் வயிறு உண்மையிலேயே வெறும் வயிறு.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் எழுப்பினார். இன்று அழுதேன். ரஸ்க்கை இருவரும் காக்கைக்கு வைத்தோம்.

ஜூலை 11, வெள்ளி

வந்து நின்றேன், ஆனால் அவர் கூப்பிடுவதற்கு முன்பே விழித்துவிட்டேன். டம்ளரில் பால் மட்டும் இருந்தது. டிகாக்ஷன் ஊற்றவில்லை.

கூட்டல் விதியை ஒரு வரியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கழித்தலுக்குத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளும் அங்கேதான் தடுமாறும்.

ஜூலை 16, புதன்

எஸ்தர் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வாயாடி, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். சர்க்கரை டப்பாவை அவள் கைப்பையிலேயே போட்டு அனுப்பினேன். "ஓசியில ஒரு மாச சர்க்கரை. அடிக்கடி கூப்பிடுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போவதற்கு முன் லேப்டாப்பின் அந்த நீலத் திரையை, அவள் சொல்லச் சொல்ல நானே திறந்தேன்.

"முழுசா எடுத்துரு எஸ்தர். ஒண்ணும் ஒதுக்க வேண்டாம்."

"அது முடியாது டீச்சர். கொஞ்சமாவது ஒதுக்கித்தான் ஆகணும். இல்லைன்னா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது, இருட்டாத்தான் இருக்கும். எவ்வளவுங்கிறது மட்டுந்தான் நம்ம கையில."

இருப்பதில் சின்ன எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ஏழரைக்குக் கிட்டத்தட்டக் காட்டுகிறது. தொடுகோட்டுப் பாடத்தை ஒரே மூச்சில் பதிவு செய்தேன், எங்கும் திக்கவில்லை. திரையில் வரும் பெயரை மாற்றவா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

டாக்டர் கட்டைப் பிரித்தார். இந்தமுறை நான் காலண்டரைப் பார்க்கவில்லை. நகத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்திருக்கிறது. பக்கத்து விரலில் நிறம் திரும்பிவிட்டது.

"கத்திக்கு இப்ப வேலையில்ல" என்றார். "என்ன மாத்துனீங்க?"

"காலைக் காபி" என்றார் இவர்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

ஆட்டோவில் அவர் தூங்கவில்லை. வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இப்போதெல்லாம் எனக்கு முன்பே அவர் எழுந்துவிடுகிறார். அடுப்படியில் அவர்தான் காபி போடுகிறார். இரண்டு சின்ன டம்ளர், சர்க்கரை இல்லாமல். சுமாராக இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிக்கிறேன்.

இன்று நன்றாக விழித்துக்கொண்டுதான் போனேன். முகம் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு. எதையும் கலக்காமல் எழுதுகிறேன்: முழு விழிப்பு. அவர் இரண்டு டம்ளரோடு உள்ளிருந்து வந்தார். நான் வாசலில் நின்றேன். போர்ட்டிகோ விளக்கு அணைந்திருந்தது, கேட் தாழிட்டிருந்தது. நான் முந்தானையை ஒடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். அவருக்கு வழிவிட அவ்வளவு ஒதுங்க வேண்டியதில்லை.

அவர் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

சூடான டம்ளர்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மெல்ல இழுத்து, எதிர்ச் சுவரோரம் அவரும் ஒதுங்கி நின்றார்.